முத்துக் காதணிப் பெண்ணிடம் முக ஓவியம் பயில்வது

எண்ணெய் வண்ணத்தில் முக ஓவியம் கற்க விரும்புகிறவர்கள், உயிருள்ள ஒருவரை எதிரே உட்காரவைப்பதற்கு முன் பழைய மேதை ஒருவரின் படைப்பைப் பிரதி செய்து பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். எதிரே அமர்ந்தவர் அசைவார், வெளிச்சமும் மாறும். ஓவியத்திலோ எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதையெல்லாம் ஒருவர் முன்பே தீர்மானித்துவிட்டிருக்கிறார், அந்தத் தீர்மானங்களைத் தேடிக் கண்டுபிடிப்பதே பிரதி செய்பவரின் வேலை. நான் தேர்ந்தெடுத்தது நெதர்லாந்து ஓவியர் யோஹானஸ் வெர்மீர் 1665 வாக்கில் தீட்டிய, ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘முத்துக் காதணி அணிந்த பெண்’. புகழுக்கு ஒவ்வாத சிறிய படம், உயரம் 44.5 செ.மீ., அகலம் 39 செ.மீ. மட்டுமே.

உருவரைவுக்குக் கட்டம் போட்டுக்கொண்டேன். அதை இழுக்காகக் கருதுவோர் உண்டு. நான் கற்க வந்தது வண்ணம் என்பதால் எனக்கு அதில் கூச்சமில்லை. பிறகு அம்பர் (umber) என்னும் மண்ணிறப் பழுப்பை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, ஒளியையும் நிழலையும் மட்டும் பிரித்துவைத்தேன். வண்ணத்தைக் குழைத்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் ஆவியாகி உலர்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. எனவே அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னாளில் மேற்பூச்சு வெடிக்கும். விரைவில் உலரும் அம்பர் அடிப்பூச்சுக்குத் தோதானது.

முகத்துக்கு வந்தபோதுதான் உண்மையான பாடம் தொடங்கியது. மூக்குத் தண்டுக்கும், நமக்கு இடப்புறம் தெரியும் ஒளிபட்ட கன்னத்துக்கும் நடுவே வெர்மீர் எல்லைக்கோடே போடவில்லை. இரண்டும் ஒரே வெளிச்சத்தில் கரைந்து கிடக்கின்றன. ஆனாலும் பார்ப்பவர் கண் அங்கே மூக்கை முழுமையாகக் காண்கிறது. மெல்லிய நிழலொன்றை அங்கே வைத்துப் பார்த்தால் அந்த முகம் உடனே மரத்தில் செதுக்கியதுபோல் ஆகிவிடுகிறது. துணியால் துடைத்தெடுத்தால் மீண்டும் சதையாகிறது. முத்தும் அப்படித்தான். மேலே தடித்த வெள்ளைத் தீற்றல் ஒன்று, கீழே வெண்கழுத்துப் பட்டையின் மங்கிய பிரதிபலிப்பு, அவ்வளவே. காதில் மாட்டும் கொக்கிகூட வரையப்படவில்லை என்று 2018இல் அருங்காட்சியகம் நடத்திய ஆய்வு உறுதிசெய்தது.

வெர்மீர் பயன்படுத்தியது ஈய வெள்ளை. அது நஞ்சென்பதால் நான் டைட்டானியம் வெள்ளையை எடுத்தேன். ஆனால் அது முரட்டுத்தனமாக எல்லாவற்றையும் மறைக்கக்கூடியது, சற்றே கூடினாலும் தோல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிவிடும். ஆகவே ஓக்கர் மஞ்சளும் சிறிது சிவப்பும் சேர்த்து அதை அடக்கிவைத்தேன். அந்தப் பெண்ணின் நீலத் தலைப்பாகைக்குச் செயற்கை அல்ட்ராமரின் போதுமானதாக இருந்தது. வெர்மீருக்கு அந்த நீலம் லாபிஸ் லசூலிக் கல்லை அரைத்துக் கிடைத்தது.

பின்னணிதான் என்னை யோசிக்கவைத்தது. இன்று வெறும் கருப்பாகத் தெரியும் அந்த இடம் முன்பு பச்சைத் திரைச்சீலையாக இருந்தது என்பதும், கருமைக்கு மேல் அவுரி நீலமும் வெல்ட் என்னும் தாவர மஞ்சளும் கலந்து பூசிய மெல்லிய படலம் காலப்போக்கில் கெட்டுவிட்டது என்பதும் ஆய்வுகளில் தெரியவந்தன. இன்றுள்ள தோற்றத்தைப் பிரதி செய்வதா, அவர் தீட்டியதையா? நான் கருப்பின் மேல் ஒளி ஊடுருவும் பச்சையை ஒருமுறை பூசினேன். அதனருகே கன்னத்தின் சிவப்பு கூடுதலாகத் தெரிந்ததால், கன்னத்தையும் உதட்டையும் மறுபடி சற்றுத் தணிக்க வேண்டியதாயிற்று.