சத்தம் முன்னாடி போகுது, படம் பின்னாடி நிக்குது

கடந்த ஐந்து வாரமாக என்னுடைய லெப்டொப்பில் ஒரே பிரவுசர் இரண்டு தடவை இருக்கிறது. ஒன்று எல்லோரும் பாவிக்கிற பதிப்பு. மற்றது இன்னும் வெளிவராதது, அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ எல்லோருக்கும் வரப்போவது. அதை முன்கூட்டியே போட்டு, வீடியோவும் சத்தமும் ஒழுங்காக ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து, பிழை இருந்தால் செய்தவர்களுக்கு எழுதி அனுப்புகிறேன். இது என்ன வேலை என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் நடுவில் இருக்கிற எங்கள் தோட்டத்தில், பழைய பிள்ளைக் காம்பராவில் (வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம்), பின்னேரங்களில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆய்வுகூடம் கிடையாது, நுணுக்குக்காட்டி கிடையாது. இதயத்தின் வால்வு எப்படித் திறந்து மூடுகிறது என்று காட்ட என்னிடம் இருக்கிற ஒரே வழி வீடியோ. ஒரு பழைய டீவியில் லெப்டொப்பை மாட்டி, போனில் ஹொட்ஸ்பொட் போட்டுக் காட்டுவேன். கொரோனா காலத்தில் பாடமெல்லாம் போனுக்குள் போனபோது சிக்னல் தேடித் தேயிலை மலை ஏறி நின்ற பிள்ளைகளின் தம்பி தங்கைகள்தான் இப்போது என்னிடம் வருகிறார்கள். வீடியோ ஓடினால் எங்களுக்குப் பாடம் நடக்கும், ஓடாவிட்டால் நடக்காது. அவ்வளவுதான்.

பதிப்புகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பயர்பொக்ஸ் என்றால் நைட்லி, பீட்டா, அப்புறம் எல்லோருக்குமான வெளியீடு. குரோம் என்றால் கேனரி, டெவ், பீட்டா, ஸ்டேபிள். நைட்லியையும் கேனரியையும் போட்டால் அவை தனியாக உட்கார்ந்துகொள்ளும், உங்களுடைய வழக்கமான பிரவுசரில் கை வைக்காது, அதனால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் டேட்டாவைக் கவனிக்க வேண்டும். நைட்லி வழக்கமாக நாளுக்கு இரண்டு தடவை புதிதாக வருகிறது, தானாக அப்டேட் ஆக விட்டால் நம்முடைய பெக்கேஜ் தாங்காது, ஆகவே போட்டவுடனேயே செட்டிங்ஸுக்குப் போய் 'என்னைக் கேட்டுவிட்டு அப்டேட் செய்' என்று மாற்றிவிடுங்கள். இந்தச் சோதனைப் பதிப்புகள் நாம் எப்படிப் பாவிக்கிறோம் என்ற விவரங்களை வழக்கத்தைவிடக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும், சோதனைக்கே அதுதான் தேவை. அதனால் வங்கிக் கணக்கு, முக்கியமான பாஸ்வேர்டு எதையும் நான் அதில் வைப்பதில்லை.

நான் எந்தப் பிரவுசரில் பிழை கண்டேன் என்று மட்டும் எழுதப் போவதில்லை. அது வெளியீட்டுக்கு முன்பே பிடிபட்ட பிழை, சாதாரண ஆட்கள் கைக்குப் போகவே இல்லை. பெயர் சொல்லி எழுதினால் நாளைக்கு யாராவது 'அது சரியில்லையாம்' என்று சொல்லித் திரிவார்கள், அது நியாயமில்லை.

என்னுடைய லெப்டொப் இன்டெலின் நான்காம் தலைமுறை ஐ3, இரண்டாம் கையாக வாங்கியது, 4 ஜிபி ரெம். இதை ஏன் சொல்கிறேன் என்றால் வீடியோ விஷயத்தில் சிப்பின் வயதுதான் பாதிக் கதை. எச்.264 என்ற பழைய முறையில் சுருக்கிய வீடியோவை இந்தச் சிப்பில் அதற்கென்றே இருக்கிற ஒரு பகுதி விரித்துக்கொடுத்துவிடும், சூடாகாது, பெற்றரியும் தாங்கும். விபி9 என்ற இன்னொரு முறையில் சுருக்கிய வீடியோவை அப்படி முழுமையாகச் சிப்பிலேயே விரிப்பது இன்டெலில் ஏழாம் தலைமுறையோடு வந்தது. ஏவி1 என்ற புதிய முறைக்குப் பதினோராம் தலைமுறை வேண்டும். 2018இல் வெளிவந்த இந்த ஏவி1தான் எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியமானது, ஏனென்றால் அதே தெளிவுக்கு எச்.264ஐவிட நன்றாகவே குறைந்த டேட்டா போதும், மாதக் கடைசியில் பெக்கேஜை எண்ணி எண்ணிப் பாவிக்கிறவனுக்கு அது பெரிய விஷயம். பழைய சிப் என்றால் அந்த வேலை முழுவதையும் மென்பொருள்தான் செய்ய வேண்டும். அதற்கு வீடியோலேன் ஆட்கள் (விஎல்சி பிளேயர் செய்தவர்கள்தான்) டேவிட் என்று ஒரு டிகோடர், அதாவது சுருக்கிய வீடியோவை விரிக்கிற மென்பொருள், எழுதினார்கள், 2019 மே மாதம் பயர்பொக்ஸ் 67 வந்தபோது அதுவே கணினிகளில் இயல்பாக ஓடுகிற டிகோடர் ஆனது. அதில் பெரும்பகுதி அசெம்பிளியில், அதாவது சிப்புக்கு மிக நெருக்கமான மொழியில், கையால் எழுதப்பட்டது. பத்து வருடத்துக்கு மேலான என் ஐ3இல் 480பி ஏவி1 வீடியோ தடங்கலில்லாமல் ஓடுவது அவர்கள் புண்ணியத்தில்தான், அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உண்மையாகவே நன்றி சொல்லத் தோன்றும்.

சரி, பிழைக்கு வருகிறேன்.

ஒரு சனிக்கிழமை குருதிச் சுற்றோட்டப் பாடம். புதிய பதிப்பில்தான் ஓடவிட்டேன். நடுவில் சிக்னல் போய், வட்டம் சுற்றி, திரும்ப வந்தது. அது எங்களுக்குப் பழக்கம், பிள்ளைகள் அந்த நேரத்தில் கொப்பியில் எழுதிக்கொண்டிருப்பார்கள். திரும்ப ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி கை தூக்கினாள்.

"சேர், சத்தம் முன்னாடி போகுது, படம் பின்னாடி நிக்குது."

பார்த்தால் அப்படியேதான். குரல் இடது இதயவறையைப் பற்றிச் சொல்கிறது, அம்புக்குறி இன்னும் வலது சோணையறையில் நிற்கிறது. பாட்டோ படமோ என்றால் எரிச்சலோடு போய்விடும், இங்கே பிள்ளை தப்பாகவே படித்துவிடும். நிறுத்தி, கரும்பலகையில் வரைந்து பாடத்தை முடித்தேன்.

அன்றிரவே வழக்கமான பதிப்பில் அதே வீடியோவைப் போட்டுப் பார்த்தேன், பிழை இல்லை. புதியதில் எச்.264இல் போட்டேன், அதிலும் இல்லை. புதிய பதிப்பு, ஏவி1 வீடியோ, நடுவில் சிக்னல் பத்து விநாடிக்கு மேல் போய் வர வேண்டும், மூன்றும் சேர்ந்தால்தான் வருகிறது. யூடியூப்பில் வீடியோவின் மேல் வலது கிளிக் செய்து ஸ்டேட்ஸ் ஃபோர் நேர்ட்ஸ் என்பதை எடுத்தால் எந்த முறையில் சுருக்கிய வீடியோ ஓடுகிறது, எத்தனை பிரேம் (வீடியோவின் தனித்தனிப் படங்கள்) விடுபட்டது என்றெல்லாம் காட்டும், இந்த வேலைக்கு அது ரொம்ப உதவி.

உடனே எழுதி அனுப்பினேன். நான்கு வரிதான். இரண்டு நாளில் பதில் வந்தது: எங்களுக்கு இந்தப் பிழை வரவில்லை, கூடுதல் விவரம் தர முடியுமா. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நெட்டை வேண்டுமென்றே மெதுவாக்கிப் பார்க்கப் பிரவுசரிலேயே வசதி இருக்கிறது, அதில் நானும் பார்த்தேன், எனக்கும் வரவில்லை. அது சீராக மெதுவாக்குகிறது, எங்கள் சிக்னல் சீராக மெதுவாவதில்லையே. டவருக்கும் எங்களுக்கும் நடுவில் மலை மடிப்பு ஒன்று இருக்கிறது. கோயில் வளைவில் நின்றால் நான்கு கோடு, பத்து அடி தள்ளிப் போனால் ஒன்றுமே இல்லை, திரும்ப வந்தால் மறுபடி நான்கு கோடு. அலுவலகத்தில் வேகமான இணைப்பில் உட்கார்ந்திருப்பவர் இந்த நிலைமையை உண்டாக்கிப் பார்க்கவே கஷ்டப்படுவார். எங்களுக்கு அது வாசலிலேயே இருக்கிறது!

ஆக, கோயில் வளைவையே சோதனைக்கூடம் ஆக்கினேன். தூறலில் தரம் 10 பையன் ஒருவன் குடை பிடித்துக்கொண்டு கூடவே வர, லெப்டொப்பைத் திறந்தபடி கையில் ஏந்திக்கொண்டு வளைவைத் தாண்டிப் போய், இருபது எண்ணி, திரும்பி வந்தேன். அவன் மற்றக் கையில் இன்னொரு போனை வைத்துத் திரையையும் சத்தத்தையும் சேர்த்துப் பதிவு செய்தான். மூன்று தடவை போனோம், மூன்று தடவையும் வந்தது.

அடுத்து, எந்த நாள் பதிப்பிலிருந்து பிழை வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்குப் பயர்பொக்ஸில் மொஸ்ரிக்ரெஷன் என்றும், குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தில் பைசெக்ட் பில்ட்ஸ் என்றும் கருவிகள் இருக்கின்றன. முறை சுலபமானது: நன்றாக இருந்த ஒரு நாளையும் கெட்டுப்போன ஒரு நாளையும் சொன்னால் நடுநாள் பதிப்பை இறக்கித் தரும், நாம் ஓட்டிப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொன்னால் மிச்சத்தில் பாதியை வெட்டிவிடும். எனக்கு 32 நாள் இடைவெளி, ஐந்தே சோதனையில் ஒரு நாளுக்கு வந்துவிடலாம். ஒவ்வொரு பதிப்பும் 100 எம்பிக்குக் கிட்ட என்பதால் இரவு பன்னிரண்டுக்கு மேல் இரவு டேட்டாவில் இறக்கிவைத்து, விடிந்ததும் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு) ஆட்கள் போகிற நேரத்தில் நானும் வளைவுக்குப் போனேன்.

"இந்தப் பனியில அதைத் தூக்கிக்கிட்டு எங்கப்பா போற, சளி பிடிச்சிக்கும்" என்று அம்மா தினமும் சொன்னார். கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனேன்.

ஐந்தாவது காலையில் நாள் தெரிந்துவிட்டது. அந்த நாளின் மாற்றங்களைப் பார்த்த பொறியியலாளருக்கு விஷயம் உடனே பிடிபட்டுவிட்டது, அவர் விளக்கி எழுதியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். பெற்றரியை மிச்சப்படுத்துவதற்காக, டேட்டா வராமல் வீடியோ கொஞ்ச நேரம் நின்றால் டிகோடரை மூடிவைக்கிற மாதிரி அன்று மாற்றியிருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வீடியோவில் எல்லாப் பிரேமும் முழுப் படம் இல்லை. சில விநாடிக்கு ஒன்றுதான் முழுப் படம், அதைக் கீ பிரேம் என்பார்கள், நடுவில் வருபவை எல்லாம் முந்தியதிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். மூடிய டிகோடரைத் திரும்பத் திறந்தால், விட்ட இடத்திலிருந்து அது தொடர முடியாது, முந்தைய கீ பிரேமுக்குப் போய் அங்கிருந்து வேகவேகமாக விரித்துக்கொண்டு வர வேண்டும். சத்தத்துக்கு அந்தத் தொல்லை இல்லாததால் அது உடனே கிளம்பிவிடும். பிரவுசர்கள் சத்தத்தையே மணிக்கூடாக வைத்துப் படத்தை அதற்குப் பின்னால் ஓடவிடுகின்றன, காரணம் காது சின்ன வெட்டைக்கூடப் பிடித்துவிடும், கண் இரண்டு பிரேம் போனாலும் பொறுத்துக்கொள்ளும். புதிய சிப் கண் இமைக்கிற நேரத்தில் ஓடிப் பிடித்துவிடுவதால் அவர்கள் யாருக்கும் தெரியவில்லை. என் ஐ3 மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தது, பிந்திய பிரேம்களைக் கைவிட்டு முன்னே தாவ வேண்டிய இடத்தில் புதிய மாற்றம் அதைத் தாவ விடவில்லை.

அடுத்த வாரம் திருத்தம் வந்தது. அதே பையன், அதே குடை, அதே வளைவு. சிக்னல் போய் வந்தது, படம் ஒரு கணம் நின்று, தாவி, சத்தத்தோடு சேர்ந்துகொண்டது. அவன் ரோட்டிலேயே கத்திவிட்டான். எனக்கும் கண் கலங்கியது. எங்கேயோ இருக்கிற ஒருவர் எங்கள் கோயில் வளைவில் வருகிற பிழைக்காக இரண்டு நாள் வேலை செய்திருக்கிறார்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது, தமிழ்க் கேப்ஷன். வீடியோவின் கீழே வரும் எழுத்துகளைப் பிரவுசர் வெப்விடிடி என்ற கோப்பிலிருந்து எடுக்கிறது, அந்தக் கோப்பு யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் முறையில்தான் இருக்க வேண்டும். நம் ஆட்கள் இன்னும் பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் அடித்துத் தருகிறார்கள், அதை அப்படியே போட்டால் திரையில் ஆங்கில எழுத்தாகக் கொட்டும், யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் போட வேண்டும். அது நம் பக்கத்து வேலை. பிரவுசர் பக்கத்தில் நான் கண்டது வேறு: கேப்ஷன் இரண்டு வரியாக வரும்போது கீழ்வரியின் கறுப்புப் பட்டி மேல்வரியில் ஏறிக்கொண்டு எழுத்தின் அடியை வெட்டுகிறது. 'கு'வின் கால் போனால் அது 'க' மாதிரித் தெரிகிறது, 'மூ'வுக்கு அடி போனால் வார்த்தையே வேறு. ஆங்கிலத்தில் கீழே இறங்குகிற எழுத்து கொஞ்சம்தான், வெட்டுப்பட்டாலும் வாசித்துவிடலாம். தமிழ் தெரியாத ஒருவர் இந்தப் படத்தைப் பார்த்தால் இது இப்படித்தான் இருக்கும்போல என்று தாண்டிப் போய்விடுவார். அதனால் சரியாக வந்ததையும் வெட்டுப்பட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெட்டுப்பட்ட இடத்தைச் சிவப்பில் சுற்றி, அதனால் பொருள் எப்படி மாறுகிறது என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை, ஒரு வாரம்தானே ஆகிறது.

மஸ்கெலியா, பண்டாரவளை, இறக்குவானைப் பக்கம் யாராவது இதை வாசித்தால் ஓர் உதவி. உங்களிடம் செலரோன் அல்லது பென்டியம் சிப் உள்ள பழைய லெப்டொப் இருந்தால், நைட்லியோ கேனரியோ போட்டு, தமிழ்க் கேப்ஷன் இரண்டு வரியாக வருகிற ஒரு வீடியோவை முழுத்திரையில் ஓடவிட்டு ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். பயர்பொக்ஸ் என்றால் முகவரிப் பட்டியில் about:support என்று அடித்தால் வருகிற பக்கத்தில் மீடியா என்ற பகுதியையும் கொப்பி செய்துகொள்ளுங்கள், எந்த வீடியோவைச் சிப் விரிக்கிறது, எதை மென்பொருள் விரிக்கிறது என்று அதில் இருக்கும். இரண்டையும் எனக்கு அனுப்பினால் நான் ஆங்கிலத்தில் எழுதி அந்த ரிப்போர்ட்டோடு சேர்த்துவிடுகிறேன். இன்றிரவு புதிய பதிப்பு ஒன்று இறக்க வேண்டும், பன்னிரண்டு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.