சுவருக்கு இறங்கிய சீலிங் லைட்

கும்பகோணம் பக்கம் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. மூங்கிலும் நாட்டு ஓடும் இருக்கிற கூரையில் சீலிங் லைட்டை எங்கே மாட்டுவது? வாங்கி வந்த இரண்டையும் திண்ணைச் சுவரிலேயே மாட்டச் சொன்னேன்.

"தம்பி, இது சீலிங்குக்கு உள்ளதுப்பா" என்று சிரித்தார் எலக்ட்ரீஷியன் அண்ணன். பின்னால் ஒரு தகடு, இரண்டு ஸ்க்ரூ, அவ்வளவுதானே!

ஆனால் 12 வாட்ஸ், நேராக முகத்தில் அடித்தது. "போலீஸ் விசாரணை மாதிரி இருக்குடா" என்றார் அம்மா. அப்புறம் 6 வாட்ஸ் மஞ்சள் வெளிச்சமாக மாற்றி, ஏழடி உயரத்துக்கு ஏற்றியதும் சரியாகிவிட்டது.

இடுக்கில்லாமல் மூடிய விளக்காகப் பார்த்து வாங்குங்கள். சம்பா நேரத்தில் வயலிலிருந்து வரும் பச்சைத் தத்துப்பூச்சி, இடுக்கு இருந்தால் உள்ளே போய்க் குவிந்துவிடும். முதலில் வாங்கியதில் இன்னும் ஒரு பிடி கிடக்கிறது.