லீசா ஒட்டிய விரல்

உத்தராகண்ட் மலையடிவாரத்துக் காட்கோதாமில் ரயிலை விட்டு இறங்கி, மேலே அல்மோராவுக்கு ஷேர் ஜீப் பிடித்தேன். பவாலி தாண்டியதுமே சரிவு முழுக்க ஊசியிலை மரங்கள். "தேவதாரு எவ்வளவு அழகு!" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிவைத்தேன். "தேவதாரு பார்க்க ஜாகேஷ்வர் போங்கள். இது சீர்" என்றார் ஓட்டுநர். சீர் என்றால் பைன் வகைகளில் ஒன்று. மூன்று மூன்று ஊசிகளாகச் சேர்ந்து, ஒரு சாணுக்கும் குறையாமல் நீண்டு தொங்கினால் அது சீர். படத்தில் பைனைக் கண்டாலே தேவதாரு என்று சொல்லிப் பழகியவன் நான்.

மறுநாள் காலை அல்மோராவுக்கு வெளியே நடந்தபோது, ஒருவர் மரத்தைச் சீவிக்கொண்டிருந்தார். இடுப்பு உயரத்தில் பட்டையை வழித்தெடுத்து, மீன் முள்போல இருபுறமும் சாய்வாகக் கீறி, நடுக் கால்வாயின் அடியில் ஒரு தகரக் குவளையைப் பொருத்தியிருந்தார். குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டம்தான் நினைவுக்கு வந்தது. கீறலின் மேல் நீர்த்த அமிலம் தெளித்தார். தெளித்தால் காயம் சட்டென்று அடைபடாமல் பிசின் வடிந்துகொண்டே இருக்குமாம். அந்தப் பிசினை இங்கே லீசா என்கிறார்கள். வெளிறிய தேன் போல இருந்தது. கேட்காமலேயே விரலை விட்டேன். மூக்கருகே கொண்டுபோனால், எங்கள் வீட்டுப் பூஜை அறை!

அந்த வாசனையில் பொருத்தமும் இருக்கிறது. லீசாவை ஆலையில் நீராவி விட்டு வடித்தால் ஆவியாகி வருவது டர்பெண்டைன். கற்பூரத் தைலம் என்று கடைகளில் கேட்போமே, அதுதான். பெயிண்ட் கரைக்கவும், மூட்டுவலிக்குத் தேய்க்கவும் ஆகிறது. அதிலுள்ள பைனீன் என்ற பொருளிலிருந்துதான் இன்று கற்பூரத்தில் பெரும்பகுதியைச் செய்கிறார்கள். கற்பூர மரம் என்று தனியாக ஒன்று உண்டு. ஆனால் தீபாராதனைத் தட்டில் எரிவது அநேகமாக ஏதோ ஒரு நாட்டின் பைன்தான். வடித்தபின் மிஞ்சும் கட்டி ரோசின். தாளில் மை ஊறாமல் இருக்க, பற்றவைப்பு வேலைக்கு, வார்னிஷுக்கு, வயலின் வித்வான் வில்லில் தேய்த்துக்கொள்ள என்று அதற்கும் ஏகப்பட்ட வேலை.

இவ்வளவு கொடுக்கும் மரத்தை ஊர்க்காரர்கள் கும்பிடுவார்கள் என்று நினைத்தால் அது தப்பு. தலைச்சுமையாகக் காய்ந்த ஊசிகளைக் கொண்டுவந்த அம்மாளை, "தீதி (அக்கா), இது எதற்கு?" என்று கேட்டேன். பிரூல் என்கிறார்கள் அதை. மாட்டுக் கொட்டிலில் பரப்பி, சாணத்தோடு மக்கியதும் வயலுக்கு எருவாகப் போடுவார்களாம். பிசின் ஊறிய கட்டையின் சிராய்க்குப் பெயர் சிலுக். மழைநாளிலும் அடுப்பு பற்றிக்கொள்ளும். சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று முகத்தைச் சுளித்தார். "பாஞ் மரம் இருந்தால் மாட்டுக்குத் தழை, ஊற்றில் தண்ணீர். இதன் கீழே புல்லுமா முளைக்கிறது? கோடையில் தீ மட்டும் வருகிறது."

பாஞ் என்பது ஓக். சருகு மண்டிய சீர் காட்டில் ஒரு பீடி போதும். லீசாவுக்காகக் கீறிய காயத்திலும் தீ பிடித்து அடிமரம் வெந்துபோகிறது. 2024 ஜூனில், அல்மோராவுக்கு அருகிலுள்ள பின்சரில் காட்டுத் தீயை அணைக்கப் போன வனப் பணியாளர்களே இறந்தார்கள். இந்த வெறுப்பு நேற்றையதும் அல்ல. மரத்துக்கும் லீசாவுக்கும் ஆசைப்பட்டு ஆங்கிலேய வனத்துறை காட்டை வேலி கட்டாத குறையாக அடைத்தபோது, 1921-இல் குமாவூன் (அல்மோரா உள்ளிட்ட இந்த மலைப் பகுதி) மக்கள் பல இடங்களில் தீ வைத்தார்கள். எரிந்தவை பெரும்பாலும் சீர் காடுகள். தழை தரும் அகலிலை மரங்களை விட்டுவைத்தார்கள்.

தீதியின் கட்சியில் பாதிதான் சேர முடிகிறது என்னால். வெட்டியும் எரித்தும் மொட்டையாகிப்போன சரிவில், வேறெதுவும் பிழைக்காத மண்ணிலும் முதலில் வேர்விடுவது இந்தச் சீர்தான். அதை அவரிடம் சொல்லும் தைரியம் வரவில்லை.

விரல் மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தது. தங்குமிடத்துச் சோப்பெல்லாம் தேய்த்துப் பார்த்தும் போகவில்லை. கைபேசித் திரை வேறு பிசுபிசுத்தது. மாலையில் டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு, ஒரு சொட்டுக் கடுகெண்ணெயை என் விரலில் விட்டுத் தேய்க்கச் சொன்னார். நிமிடத்தில் போய்விட்டது. வாசனைதான் போகவில்லை.