அம்மாவின் நேர்த்தியை நான் நிறைவேற்றினேன்

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி எடுக்காமல் விட்ட வருடங்கள் உண்டு. செப்டம்பர் 8ஐ விட்டதில்லை. வேளாங்கண்ணி மாதாவின் பிறந்தநாள்தான் எங்களுக்குப் பெரிய திருநாள். ஆகஸ்ட் 29 கோயில் கொடியேற்றம் முடிந்ததும் வீட்டில் கறி, மீன் நின்றுவிடும்.

இந்த முறை அம்மாவின் நேர்த்தி பாக்கி இருந்தது. தம்பி மகன் குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, "பிள்ளையைக் கொடு தாயே, மாதா குளம் வரைக்கும் முட்டி போட்டு வர்றேன்" என்று வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தான். அதற்குள் அம்மாவின் முழங்கால் தேய்ந்துவிட்டது. சரி, அவளுக்காக நான் போகிறேன் என்றேன்.

வேளாங்கண்ணியில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ரூம் புரோக்கர்கள் பையைப் பிடித்து இழுக்கிறார்கள். தேர்பவனி இரவு என்பதால் வாய்க்கு வந்த வாடகை. மெழுகுவர்த்தியைக் கையில் திணித்துவிட்டு அப்புறம் விலை சொல்கிறவர்களும் உண்டு. தாயைப் பார்க்க வரும் ஏழைகளிடமா இதைச் செய்வது? மனம் வலித்தது.

மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் முட்டி போட்டதும் அதெல்லாம் போய்விட்டது. வெயிலில் மணல் கொதித்தது, கிளிஞ்சல் துண்டுகள் குத்தின. எனக்கு முன்னால் காவி உடுத்தி, நெற்றியில் விபூதியோடு ஒரு அண்ணன். சென்னையிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். குலதெய்வம் அங்காளம்மன், ஆனால் வருடா வருடம் இந்த ஆத்தாவையும் பார்த்தாக வேண்டும் என்றார். பக்கத்தில் மங்களூர்ப் பாட்டி ஒருவர். அவர்கள் ஊரில் இதே நாள் மோந்தி பண்டிகையாம். ஒன்பது நாள் பிள்ளைகள் மாதாவுக்குப் பூப்போட்டு, எட்டாம் தேதி புது நெற்கதிரைக் கோயிலில் மந்திரித்து, வீட்டில் எல்லோரும் அந்தப் புது நெல்லை உண்பார்களாம், அன்று சைவச் சாப்பாடுதானாம். கேரளத்து அக்காமார் மாதாவுக்கு எட்டு நாள் இருக்கும் எட்டு நோன்பு முடித்து வந்திருந்தார்கள். புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் கரை சேர்ந்த நாள் என்று நாங்கள் கொண்டாடும் அதே நாளில், ஒருவருக்கு அறுவடை, ஒருவருக்கு நோன்பு. கூப்பிடுவது ஒரே தாயைத்தான்.

பாதி வழியில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. இனி முடியாது என்று உட்கார்ந்துவிட்டேன். அந்த அண்ணன் திரும்பிப் பார்த்து, "எந்திரிம்மா, ஆத்தா இழுத்துக்குவா" என்றார். பாட்டி தன் முந்தானையைக் கிழித்து என் முழங்காலில் கட்டினார். என் தாயே, யாரை எங்கிருந்தெல்லாம் எனக்காக வரவழைத்தாய்!

நெரிசலில் தள்ளாடி உன் முன்னால் வந்து நின்றபோது, பட்டுச்சேலையில் கையில் குழந்தையோடு நீ. எழுதி வைத்த வேண்டுதல் ஒன்றுகூட வாயில் வரவில்லை, அழுகைதான் வந்தது. எங்கள் பிள்ளை இப்போது தத்தித் தத்தி நடக்கிறான் மாதாவே. நன்றி, கோடி நன்றி. அடுத்த திருநாளுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறோம், அவன் முதல் முடி உனக்குத்தான்.