காலணி மாட்டும் வரைதான் சிரமம்

என் அக்காவை நடக்க வைப்பதற்கு நான் முதலில் கையாண்ட வழி பயமுறுத்தல். சர்க்கரை, இரத்த அழுத்தம், மாரடைப்பு என்று கண்ணில் பட்ட கட்டுரைகளையெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் அவர் சலித்துப்போய், "எல்லாம் தெரியும்டா, எழுந்திருக்கத்தான் மனசு வரல" என்றார். தெரியாமை அல்ல அவருடைய சிக்கல் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

2002இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. உடற்பயிற்சியின் நன்மைகளைப் படிக்கக் கொடுத்த மாணவர்களில் 35 விழுக்காட்டினரே அடுத்த வாரம் பயிற்சி செய்தார்கள். எதுவும் கொடுக்கப்படாதவர்களிலோ 38 விழுக்காட்டினர் செய்தார்கள். அதே நன்மைகளைப் படித்ததோடு, எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த இடத்தில் செய்யப்போகிறோம் என்றும் எழுதி வைத்தவர்களில் 91 விழுக்காட்டினர் செய்து முடித்தார்கள். நான் அனுப்பிய கட்டுரைகளின் கதி இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

ஆகவே அக்காவிடம், எப்போது என்ற ஒன்றை மட்டும் கேட்டேன். வேலை முடிந்து வந்து சோபாவில் சாய்ந்துவிட்டால் அன்றைய கதை முடிந்தது என்று அவரே சொன்னதால், கைப்பையை மாட்டும் ஆணிக்கு நேர் கீழே காலணிகளை வைத்து, அவற்றுக்குள்ளேயே சாக்ஸையும் செருகி வைப்பது என்றும், பையை மாட்டியதும் உட்காராமல் அவற்றைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய் வருவது என்றும் முடிவு செய்தோம். முதல் நாள் ஏழே நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டார். "இவ்வளவுதானா?" என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது, நல்லவேளையாக விழுங்கிவிட்டேன்.

அந்த ஏழு நிமிடமும் கணக்கில் சேரும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு வேண்டும் என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனம், ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தாக வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2020இல் கைவிட்டுவிட்டது. மிதமானது என்றால், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அவ்வளவே. பலரை மலைக்க வைக்கும் நாளுக்குப் பத்தாயிரம் காலடி என்ற இலக்கோ, 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, காலடிகளை எண்ணும் ஒரு கருவியின் பெயரிலிருந்து பரவியது. அதை ஒரு சட்டம்போலப் பிடித்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

மூன்றாம் வாரத்தில் விருந்தினர் வந்ததால் ஒரு நாள் விட்டுப்போனது. அந்த ஒரு நாளைவிட, "விட்டுப்போச்சு, இனி எங்கே" என்ற சலிப்பில் மறுநாளும் போகாமல் இருந்ததே எனக்குக் கவலையளித்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் பழக்கங்கள் உருவாவதைக் கவனித்தபோது, அதற்குச் சராசரியாக 66 நாட்களும், ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாட்கள் வரையிலும் ஆகலாம் என்றும், இடையில் ஒரு நாள் தவறுவதால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் கண்டார்கள். இதைச் சொல்லலாம் என்று மூன்றாம் நாள் மாலை தொலைபேசியில் அழைத்தேன். மூச்சு வாங்கியபடி எடுத்த அக்கா, "நடந்துட்டு இருக்கேன், அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டார்.