கயிறு, பூ, கல்லு

"பழசைக் கிளறாதேங்கோ, மறந்திடுங்கோ." யாழ்ப்பாணத்தில் இந்தப் புத்திமதி கேட்காத வீடு இல்லை. மறக்க முடிந்தால் போரைக் கண்ட சனம் எப்பவோ மறந்திருக்கும். ஹெலி சத்தம் கேட்டால் இப்பவும் கைகால் நடுங்குகிற ஆக்களிடம் போய் இதைச் சொல்கிறோம்.

இப்படிக் கொடுமைகளைக் கண்ட ஆக்களுக்கு விவரண வெளிப்பாட்டுச் சிகிச்சை (Narrative Exposure Therapy) என்று ஒன்று இருக்கிறது. ஒரு கயிற்றைத் தரையில் விரிப்பார்கள். அதுதான் உங்கள் வாழ்க்கை. பிறந்ததிலிருந்து வரிசையாக, நல்லது நடந்த இடத்தில் பூ, கொடுமை நடந்த இடத்தில் கல்லு. பிறகு ஒவ்வொரு கல்லாக, எப்ப, எங்கே, என்ன மணம், உடம்பில் என்ன செய்தது என்று ஆறுதலாகக் கதைக்க வைப்பார்கள். ஆற்றுப்படுத்துநர் அதை எழுதி, அடுத்தமுறை வாசித்துக் காட்டுவார். மறக்க வைப்பதல்ல நோக்கம். இப்பவே நடப்பதுபோல் வந்து அடிக்கிற நினைவு, அன்றைக்கு, அங்கே நடந்து முடிந்ததாக மாற வேண்டும். பயிற்சி பெற்றவர் இல்லாமல் இதை வீட்டில் செய்து பார்க்காதேங்கோ.

2004 சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் பிள்ளைகளுக்கு இதைச் செய்து பார்த்தார்கள். தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்த பிள்ளைகளும் கிட்டத்தட்ட அதேயளவு தேறினார்கள். எனக்கு அது ஆச்சரியமில்லை. எங்கட சடங்குகளும் நேர்த்திகளும் மனதை ஆற்றும் என்று மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரமே எழுதியிருக்கிறார். கோயிலுக்கும் போங்கோ, உளவளத்துணைக்கும் போங்கோ. ஒன்று மற்றதைத் தடுக்காது.

தேசிய மனநல உதவி இலக்கம் 1926. "ஆரும் பார்த்தால் என்ன நினைப்பினம்" என்று யோசிக்கிறவை முதலில் போனிலேயே கதைக்கலாம்.