முப்பத்தாறு டிகிரி

இரவெல்லாம் பனி கொட்டி, விடியும்போது வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஏறும்போது பின்னால் வழுக்காமல் பிடிக்கும் ஸ்கின் பட்டைகளை ஸ்கீ அடியில் ஒட்டிக்கொண்டு நான்கு பேரும் ஏறத் தொடங்கினோம்.

கிளம்புமுன் ஒவ்வொருவர் பீக்கனையும், அதாவது புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சிக்னல் கருவியையும், சோதித்தோம். பனியில் புதைந்தவரைப் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். அரை மணி தாண்டினால் கஷ்டம். அதனால் மீட்புக் குழு என்பது பக்கத்தில் வருகிற மூன்று பேர்தான், அவர்கள் கையில் இருக்கும் மண்வெட்டிதான்.

அன்றைய பனிச்சரிவு அபாய அளவு 5-க்கு 3. நடுவில் இருப்பதால் சுமார்தான் என்று மனசு சொல்லும். செங்குத்தான இடங்களில் ஒரே ஒரு ஆளின் எடைகூடப் பனிச்சரிவைக் கிளப்பிவிடலாம் என்பதுதான் அதன் அர்த்தம்.

முகட்டுக்குக் கீழே காலடியில் 'கும்' என்று ஒரு சத்தம். மொத்தப் பனியும் ஒரு விரல் அளவு அமர்ந்ததுபோல் இருந்தது. உள்ளே பலவீனமான அடுக்கு நொறுங்கும் சத்தம் அது. எவரும் பேசவில்லை.

தட்டையான இடத்துக்கு ஒதுங்கிக் குழி தோண்டினோம். அரை மீட்டர் ஆழத்தில் சர்க்கரைபோல் ஒட்டாத பனி. முப்பது சென்டிமீட்டர் அகலத் தூணாக வெட்டி, மேலே மண்வெட்டியை வைத்து, எத்தனை தட்டில் உடைகிறது என்று பார்க்கத் தட்டினேன். மணிக்கட்டால் பத்துத் தட்டு, அசையவில்லை. முழங்கையை அசைத்து மூன்றாவது தட்டில் மேற்கட்டி இழுப்பறைபோல் வழுக்கி வெளியே வந்தது.

முன்னால் இருந்த சரிவை அளந்தேன்: 36 டிகிரி. மேலடுக்கு ஒரே பலகையாகப் பெயர்ந்து வரும் பலகைப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிக்குள்தான் கிளம்பும். நாங்கள் ஆசைப்படும் சாய்வும் அதேதான், என்ன செய்ய! அடியில் ஒடுங்கிய ஓடை வேறு. சிறு பனிச்சரிவும் அங்கே ஆளுயரத்துக்குக் குவிந்துவிடும்.

"ரெண்டு பேர் ஏற்கெனவே இறங்கின தடம் தெரியுதே" என்றான் நண்பன். முதல் ஆளைத் தாங்கிய பனி ஐந்தாம் ஆளுக்கு உடைந்த கதைகள் எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் இறங்க ஆசை. எங்களில் இளையவள்தான், "நான் வரலை" என்றாள். ஒரே வார்த்தை, விஷயம் முடிந்தது.

மேலே எதுவும் தொங்காத தோள்பட்டை முகடு வழியே இறங்கினோம். மந்தமான இறக்கம், பாதி தூரம் தள்ளிக்கொண்டேதான் வந்தோம்.

மறுநாள் கீழிருந்து பார்த்தோம். அந்தச் சரிவில் ஆறு தடங்கள். பனி அப்படியே இருந்தது.

"பயந்துட்டோமோ?" என்றான்.

எனக்கு அந்த மூன்றாவது தட்டுதான் நினைவுக்கு வந்தது.